இஸ்தான்புல்லில் ஒரு நாள் நடந்து சாப்பிட: சிமித் வண்டியிலிருந்து மெய்ஹானே மேசை வரை

இஸ்தான்புல்லுக்குப் போகிற நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த ஹோட்டல்ல சாப்பிடலாம்?" என்றுதான். நான் ஹோட்டல் பெயர் சொல்வதில்லை. ஒரு முழு நாளை ஒதுக்குங்கள், காலைக் கடிக்காத செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள், காலையில் எதுவும் சாப்பிடாமல் எமினோனு படகுத்துறைக்கு வந்து நில்லுங்கள் என்பேன். அந்த ஊரின் நல்ல சாப்பாட்டில் பாதி தள்ளுவண்டியிலும் கடல் ஓரத்திலும் சந்தைச் சந்துகளிலும்தான் கிடைக்கிறது. மீதிப் பாதி ராத்திரி மெய்ஹானேயில், அதாவது அவர்களுடைய பழைய மதுச்சாலைகளில். இரண்டையும் ஒரே நாளில் நடந்து பார்க்கும் பாதை இது. நடுவில் இரண்டு படகுப் பயணமும் ஒரு குட்டி ரயிலும் உண்டு.

இந்த நாளுக்கு ஒரே ஒரு விதிதான். ராத்திரி மேசைக்கு உட்காரும் வரை எங்கேயும் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். இரண்டு பேர் போனால் ஒன்று வாங்கிப் பிய்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் போனாலும் இரண்டு போதும். மதியமே வயிறு நிறைந்துவிட்டால் மெய்ஹானே வீணாகிவிடும்.

கிளம்பும் முன்

போகிற மாதம் முக்கியம். துருக்கியில் பெரிய வலைப் படகுகள் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 1 வரை மீன் பிடிக்கக் கூடாது. அதனால் செப்டம்பர் தொடங்கிக் குளிர்காலம் முடிகிற வரைதான் மீனுக்கு நல்ல காலம். செப்டம்பரில் சூரை இனத்தைச் சேர்ந்த பலமுத் வரும். அக்டோபர், நவம்பரில் ஊரே எதிர்பார்க்கும் லுஃபேர். குளிர் ஏறினால் ஹம்சி, அது நம் நெத்திலிக்கு உறவு. ரமலான் மாதத்தில் சில மெய்ஹானேக்கள் மூடியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படகு, டிராம், மெட்ரோ எல்லாவற்றுக்கும் இஸ்தான்புல்கார்ட் என்ற ஒரே அட்டை போதும். துறையில் இருக்கும் இயந்திரத்திலேயே வாங்கிப் பணம் ஏற்றலாம். தள்ளுவண்டிகளுக்குச் சில்லறை நோட்டு வேண்டும். ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், மதியத்துக்குள் அது தீர்ந்துவிடும். விலை எதையும் இங்கே எழுதவில்லை. லிராவின் மதிப்பு மாறுகிற வேகத்துக்கு இன்று எழுதினால் அடுத்த மாதம் தப்பாகிவிடும்.

மொழியில் பத்துச் சொல் போதும். அவற்றில் நமக்கு மிக எளிதாக வருவது முறை வைத்துக் கூப்பிடுவது. துருக்கியில் கடைக்காரரை யாரும் சார் என்பதில்லை. ஆண் என்றால் "அபி", நம் அண்ணே. பெண் என்றால் "அப்லா", நம் அக்கா. சமையல் கையில் இருப்பவர் என்றால் "உஸ்தா", நாம் மாஸ்டர் என்கிறோமே, அதேதான். வேலை செய்துகொண்டிருப்பவரைத் தாண்டிப் போகும்போது "கொலாய் கெல்சின்" என்பார்கள், வேலை சுலபமாக முடியட்டும் என்று பொருள். சாப்பிட்டு முடித்துவிட்டு "எலினிஸே சாலிக்", உங்கள் கைக்கு ஆரோக்கியம். இந்த இரண்டையும் சொல்லிப் பாருங்கள், கடைக்காரரின் முகமே மாறும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் "தனா" என்ற சொல்லை நினைவில் வைக்க வேண்டும், அது கன்று இறைச்சி. "குஸு" என்றால் ஆட்டுக்குட்டி, "தாவுக்" என்றால் கோழி. நம் ஷவர்மா மாதிரியான தோனேர் விற்கும் கடையில் எதுவும் எழுதாமல் "எத்" என்று மட்டும் போட்டிருந்தால் அது மாடாகவோ மாடும் ஆடும் கலந்ததாகவோ இருக்கலாம், கேட்டுவிடுங்கள். சைவர்கள் "எத்ஸிஸ்" என்று கேட்க வேண்டும், இறைச்சி இல்லாமல் என்று அர்த்தம். அவர்களுக்கும் இந்தப் பாதையில் நிறைய இருக்கிறது, அங்கங்கே சொல்கிறேன்.

காலை ஒன்பதரை: எமினோனு, ஒரு சிமித், ஒரு தேநீர்

துறைக்கு எதிரே யெனி ஜாமி மசூதி. அதன் முன்னால் சிவப்புத் தள்ளுவண்டியில் வளையம் வளையமாக அடுக்கியிருப்பதுதான் சிமித். மாவைத் திரித்து வளையமாக்கி, திராட்சைப் பாகு கலந்த தண்ணீரில் முக்கி, எள்ளில் புரட்டிச் சுடுகிறார்கள். அந்தப் பாகுதான் வெளியில் செம்பழுப்பு நிறத்தையும் லேசான இனிப்பையும் தருகிறது. காலையில் வாங்கினால் வெளியே மொறுமொறு, உள்ளே மெத்து. சாயங்காலம் வாங்கினால் தோல் மாதிரி இழுக்கும். அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

தேநீர் இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் கிளாஸில் வரும். பால் கிடையாது. இரண்டடுக்குக் கெட்டிலில், மேலே கெட்டி டிகாக்ஷன், கீழே கொதிநீர். நம் பில்டர் காபி மாதிரியே டிகாக்ஷன் எவ்வளவு என்பதுதான் பேச்சு. கெட்டியாக வேண்டுமானால் "தெம்லி", இளசாக வேண்டுமானால் "ஆச்சிக்". கிளாஸை நடுவில் பிடித்தால் சுடும், விளிம்பில் இரண்டு விரலால் பிடியுங்கள்.

பத்து மணி: மசாலாச் சந்தையின் பின்பக்கம்

பக்கத்திலேயே மிசிர் சார்ஷிசி, அதாவது எகிப்துச் சந்தை. 1660களில் அந்த மசூதியோடு சேர்த்துக் கட்டியது. எகிப்திலிருந்து வந்த வரிப்பணத்தில் எழுந்ததால் அந்தப் பெயர். நம் மலபார் மிளகு செங்கடல் ஏறி எகிப்து வழியாக இந்த ஊருக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. உள்ளே ஒரு சுற்றுச் சுற்றுங்கள், ஆனால் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான விலை.

மேற்கு வாசலில் வெளியே வந்தால் ஹசிர்ஜிலார் என்ற தெரு. ஊர்க்காரர்கள் சாமான் வாங்குவது இங்கேதான். வாசல் முனையிலேயே காபி வறுக்கும் வாசம் ஆளை நிறுத்தும். 1871இல் தொடங்கிய குருகாஹ்வெஜி மெஹ்மெத் எஃபெந்தி கடை அது. தூள் வாங்க எப்போதும் வரிசை நிற்கும், ஆனால் அவர்கள் காகிதத்தை மடிக்கும் வேகத்தில் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். 100 கிராம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், நாள் முழுக்கப் பை மணக்கும். தெருவில் இன்னும் உள்ளே போனால் ஆலிவும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் விற்கும் கடைகள். கேட்டால் ருசிக்க ஒரு துண்டு தருவார்கள். இங்கே ருசித்து வையுங்கள், இதே வெள்ளைப் பாலாடைக்கட்டி ராத்திரி மேசையில் முலாம்பழத்தோடு வரப்போகிறது.

பதினொன்றரை: ரொட்டிக்குள் மீன், அதற்கு மேல் ஊறுகாய்ச் சாறு

மறுபடி துறைக்கு வந்தால் கலதா பாலத்தின் பக்கத்தில் பாலிக் எக்மெக், மீன் ரொட்டி. இரும்புத் தகட்டில் கானாங்கெளுத்தியை வாட்டி, அரை ரொட்டிக்குள் வைத்து, வெங்காயம், கீரை இலை, எலுமிச்சையோடு தருகிறார்கள். இந்த மீன் பெரும்பாலும் எதிரே தெரிகிற கடலில் பிடித்தது இல்லை, நார்வேயிலிருந்து உறைய வைத்து வருவது. தெரிந்தும் நான் சாப்பிடுகிறேன், ஏனென்றால் கடல் காற்றும் புகையும் மேலே பாலத்தில் வரிசையாக நிற்கும் தூண்டில்காரர்களும் சேர்ந்ததுதான் அந்த ருசி. இரண்டு பேருக்கு ஒன்று போதும். முள் இருக்கும், மென்று பார்த்து விழுங்குங்கள்.

பக்கத்திலேயே துர்ஷு சுயு விற்பார்கள், ஊறுகாய் ஊறிய தண்ணீர். செந்நிறத்தில் இருக்கும், கோப்பைக்குள் முட்டைக்கோஸும் வெள்ளரியும் மிதக்கும். பழைய சோற்று நீராகாரம் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் புளிப்பு புதிதாக இருக்காது. மீனின் எண்ணெயை அது நாக்கிலிருந்து கழுவி எடுத்துவிடும். மீனுக்குப் பின்தான் குடிக்க வேண்டும், முன்னால் குடித்தால் மீன் சப்பென்று ஆகிவிடும்.

மதியம் பன்னிரண்டரை: படகேறி ஆசியாவுக்கு

ஊரின் ஆசியக் கரையில் இருக்கும் காதிகோய்க்குப் போகும் படகு ஏறக்குறைய 20 நிமிடம். மேல்தளத்தில் வெளியே உட்காருங்கள். தேநீர்த் தட்டோடு ஒருவர் சுற்றி வருவார். குழந்தைகள் கடற்காகங்களுக்குச் சிமித்தை எறிந்துகொண்டிருப்பதைப் பார்த்து, மிச்சம் இருந்தால் உங்களுக்கும் எறியத் தோன்றும்.

போய் இறங்கும் இடத்துக்கு அந்தக் காலத்துப் பெயர் கால்கெதோன். எதிரே இவ்வளவு நல்ல இடம் காலியாக இருக்கும்போது இந்தக் கரையில் போய்க் குடியேறியவர்கள் குருடர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று பாரசீகத் தளபதி ஒருவர் சொன்னதாகப் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். சாப்பாட்டு விஷயத்தில் நான் அந்தக் குருடர்கள் கட்சி. இந்த நாளில் மிக நிதானமாக இருக்க வேண்டிய இடம் காதிகோய்ச் சந்தைதான்.

ஒன்று முதல் நாலு மணி வரை: காதிகோய்ச் சந்தை

படகுத்துறையிலிருந்து ஐந்து நிமிட நடையில் சார்ஷி, சந்தைத் தெருக்கள். முதலில் மீன் கடைகளைப் பாருங்கள். வட்டமான சிவப்புப் பலகைகளில் மீனை அடுக்கி, செவுளை வெளியே இழுத்துப் பூ மாதிரி விரித்து வைத்திருப்பார்கள். ரத்தச் சிவப்பாக இருந்தால் புதுசு. நம் ஊரில் செவுளைத் தூக்கிப் பார்க்க மீன்காரம்மாவிடம் சண்டை போடுகிறோம், இங்கே அவர்களே திருப்பி வைத்துக் காட்டுகிறார்கள்.

அடுத்தது மிதியே தோல்மா. இந்த நாள் முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கடல் மட்டியைத் திறந்து, வெங்காயம், கருந்திராட்சை, பைன் கொட்டை, மிளகு, பட்டை போட்டு வதக்கிய அரிசியை உள்ளே அடைத்து, மூடி வேக வைத்து ஆற விடுகிறார்கள். கறுப்பாகப் பளபளக்கும் ஓடுகள் தாம்பாளத்தில் கோபுரமாக நிற்கும், நடுவில் எலுமிச்சைத் துண்டுகள்.

சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. விற்பவர் ஓட்டைத் திறந்து, மேல் மூடியை ஒடித்து அதையே கரண்டி மாதிரி சோற்றுக்கு அடியில் செருகி, எலுமிச்சை பிழிந்து நீட்டுவார். மூடியால் வழித்து ஒரே வாயில் போட வேண்டும். சோறு குளிர்ந்திருக்கும், பட்டையும் திராட்சையும் முதலில் தெரியும், மட்டியின் உப்பு கடைசியில் வரும். நீங்கள் விழுங்குவதற்குள் அடுத்தது நீட்டியிருப்பார். எண்ணிக்கை கேட்பதில்லை. காலி ஓடுகளை எண்ணித்தான் காசு. போதும் என்றால் "யெதெர் அபி" என்று சொல்லிக் கையைக் காட்டுங்கள், சொல்கிற வரை அந்தக் கை நிற்காது. நான் முதல் முறை சாப்பிட்ட இடத்தில் விற்ற பையன் மார்தினைச் சேர்ந்தவன். சிரியா எல்லைப் பக்கம், கடலே இல்லாத ஊர். இந்த நகரத்தில் மட்டி விற்பவர்களில் நிறையப் பேர் அந்தப் பக்கத்துக்காரர்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. மட்டி கடல் அழுக்கைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளும் உயிர். கூட்டம் நிறைய இருக்கும், குளிர்பெட்டி வைத்திருக்கும் கடையில் மட்டும் சாப்பிடுங்கள். கோடை வெயிலில் வெறும் தட்டோடு நடந்து விற்பவரிடம் வேண்டாம். ஆளுக்கு ஐந்தாறு போதும்.

பிறகு லஹ்மஜுன். அப்பளம் போல மெல்லிசாகத் தேய்த்த மாவில் கொத்துக்கறி, தக்காளி, மிளகாய் விழுது தடவி அடுப்பில் இரண்டு மூன்று நிமிடம். மேலே பார்ஸ்லி இலை தூவி, எலுமிச்சை பிழிந்து, சுருட்டிக் கையில் வைத்துச் சாப்பிடுங்கள். முள்கரண்டி கேட்காதீர்கள். கூடவே நுரை ததும்பும் ஆய்ரான், உப்புப் போட்ட நம் மோர்தான். அல்லது ஷல்காம், கருப்புக் கேரட்டையும் டர்னிப்பையும் நொதிக்க வைத்து எடுக்கும் ஊதா நிறச் சாறு. தெற்குத் துருக்கியின் அதானா பக்கத்துச் சரக்கு. காரம் போட்டது வேண்டுமானால் "ஆஜிலி" என்று கேளுங்கள்.

சைவர்களுக்குச் சந்தையில் இரண்டு இடம். ஒன்று சீ கோஃப்தே கடை. ஒரு காலத்தில் பச்சை இறைச்சியைப் பிசைந்து செய்தது, பச்சை இறைச்சி சேர்த்து விற்கச் சுகாதாரத் தடை வந்ததால் இப்போது கடைகளில் கிடைப்பது கோதுமை ரவையும் மிளகாய் விழுதும் மட்டும். மாதுளைப் பாகு ஊற்றி, கீரை இலையில் மடித்துத் தருவார்கள். காரம் நம் நாக்குக்குச் சரியாக இருக்கும். இன்னொன்று ஸெய்தின்யாலி, ஆலிவ் எண்ணெயில் மெதுவாக வேக வைத்து ஆறிய பின் சாப்பிடும் காய்கள். பீன்ஸ், ஆர்டிசோக், கத்தரிக்காய். சந்தைக்குள் இருக்கும் சியா சோஃப்ராசியில் இவை வரிசையாக வெளியிலேயே இருக்கும், தட்டில் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து நிறுத்துப் போடச் சொல்லலாம். சமையல்காரர் மூசா தாதெவிரேன், துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் ஊர் ஊராகப் போய் மறந்துபோன பண்டங்களைத் தேடிச் சேர்த்து இங்கே சமைக்கிறார். ஒரு மணி நேரம் இருந்தால் இங்கே உட்காருங்கள்.

கத்தரிக்காய் என்றதும் ஒரு விஷயம். துருக்கியில் அதற்கு "பத்லிஜான்" என்று பெயர். பாரசீக பாதிங்கானிலிருந்து வந்தது, அது சமஸ்கிருதத்திலிருந்து போனது, அந்தச் சமஸ்கிருதச் சொல்லுக்கும் மூலம் திராவிட மொழிகளில், நம் வழுதுணைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று மொழியாய்வாளர்கள் சொல்வதுண்டு. ராத்திரி மெய்ஹானேயில் சுட்ட கத்தரிக்காய் வரும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றரைக்கு மேல் சந்தையில் எதுவும் மெல்ல வேண்டாம். ஒரு துருக்கிக் காபி மட்டும். "ஸாதே" என்றால் சர்க்கரை இல்லாமல், "ஒர்தா" நடுத்தரம், "ஷெகெர்லி" இனிப்பு. சர்க்கரை சேர்த்தே காய்ச்சுவதால் சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும். கலக்காதீர்கள், அடியில் வண்டல் நிற்கட்டும், கடைசி மடக்கை விட்டுவிடுங்கள்.

மாலை: கராகோயிலிருந்து மேலே

திரும்பும்போது கராகோய் படகு பிடியுங்கள், எமினோனு அல்ல. இறங்கிய இடத்துக்கு நேர் மேலே மலைச்சரிவில் பெயோலு பகுதி. ஏறி நடக்கலாம், ஆனால் இந்த நாளில் கால் மிச்சம் வேண்டும். துனெல் ரயிலில் ஏறுங்கள். 1875இல் திறந்தது. உலகின் பூமிக்கடி ரயில் பாதைகளில் லண்டனுக்கு அடுத்து இதுதான் பழையது. ஒரே ஒரு நிறுத்தம், ஒன்றரை நிமிடம், மேலே இஸ்திக்லால் தெருவின் தலைப்பில் விட்டுவிடும். ரூம் எடுத்திருப்பவர்கள் இப்போது போய் ஒரு மணி நேரம் படுத்துவிட்டு வருவது மிக நல்லது.

ஏழு மணிக்கு இஸ்திக்லாலின் நடுப்பகுதிக்கு, கலதாசராய் பள்ளியின் வாசலுக்கு எதிரே வாருங்கள். அங்கே பாலிக் பஸாரி, மீன் சந்தை. முனையில் கொகொரெச் கடை மணக்கும். ஆட்டுக்குட்டிக் குடலைக் கம்பியில் சுற்றி, படுக்கை வசத்தில் கரி நெருப்பில் மணிக்கணக்காகச் சுழற்றுகிறார்கள். கேட்டதும் ஒரு துண்டு அறுத்து, தகட்டில் போட்டு, இரண்டு கத்தியால் தடதடவென்று கொத்தி, ஓரிகானோவும் மிளகாய்த்தூளும் தூவி ரொட்டிக்குள் வைப்பார்கள். கொத்துப் பரோட்டா சத்தம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது வீட்டுச் சத்தம். "சேய்ரெக்" என்றால் கால் ரொட்டி, "யாரிம்" என்றால் அரை. சேய்ரெக் ஒன்று வாங்கி இரண்டு பேர் பிய்த்துக்கொள்ளுங்கள். குடல் சாப்பிடாதவர்கள் தாராளமாகத் தாண்டிப் போகலாம்.

பக்கத்தில் சிச்செக் பசாஜி, பூக்கடைச் சந்து. 1870 தீயில் எரிந்த நாடகக் கொட்டகை இருந்த இடத்தில் 1876இல் கட்டிய வளைவு மாளிகை. ரஷ்யப் புரட்சிக்குப் பின் அகதிகளாக வந்த பெண்கள் இங்கே பூ விற்றதால் அந்தப் பெயர் நின்றது. 1978இல் இடிந்து விழுந்து, பிறகு புதுப்பித்தார்கள். உள்ளே போய் மேலே அண்ணாந்து கூரையைப் பாருங்கள், பார்த்துவிட்டு வெளியே வாருங்கள். சாப்பிட அதற்குப் பின்னாலுள்ள நெவிஸாதே தெருவும் அதன் கிளைச் சந்துகளும்தான் என் தேர்வு.

இரவு எட்டு: மெய்ஹானே

"மெய்" என்றால் பாரசீகத்தில் மது. "ஹானே" என்றால் வீடு, நம் ஜிம்கானாவில் இருக்கும் அதே கானா. ஒட்டோமான் காலத்தில் முஸ்லிம்களுக்கு மது விலக்கு என்பதால் இந்தக் கடைகளை நடத்தியவர்கள் கிரேக்கர்கள், ஆர்மீனியர்கள், யூதர்கள். சுல்தான்கள் அவ்வப்போது மூடினார்கள், 17ஆம் நூற்றாண்டில் நான்காம் முராத் மிகக் கடுமையாகத் தடுத்தார், கொஞ்ச நாளில் மறுபடி திறந்தன. அவற்றை உண்மையில் காலி செய்தது வேறு. 1955 செப்டம்பர் 6, 7 தேதிகளில் இதே இஸ்திக்லால் தெருவில் கிரேக்கர்களின் கடைகளைக் கும்பல் அடித்து நொறுக்கியது. 1964இல் கிரேக்கக் குடியுரிமை இருந்தவர்களை நாட்டை விட்டே அனுப்பினார்கள். லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த சமூகம் இன்று சில ஆயிரம். அவர்கள் வைத்த மேசை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. தட்டு வரும்போது அது யாருடையது என்று தெரிந்து சாப்பிட வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

உட்கார்ந்ததும் மெனு வராது, பெரிய தட்டு ஒன்று வரும். அதில் இருபது சின்னக் கிண்ணங்கள், குளிர்ந்த மெஸேக்கள், அதாவது மதுவோடு கொறிக்கும் பண்டங்கள். விரலால் காட்டினால் இறக்கி வைப்பார். இரண்டு பேருக்கு நாலு, நாலு பேருக்கு ஆறு. எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வதுதான். நான் காட்டுவது இவை. ஹய்தாரி, வடிகட்டிய கெட்டித் தயிரில் பூண்டும் புதினாவும். ஃபாவா, மொச்சை வகைப் பருப்பை மசித்து உறைய வைத்து அல்வா மாதிரி வெட்டி, ஆலிவ் எண்ணெய் விட்டது. சுட்ட கத்தரிக்காய். லாகெர்தா, பலமுத் மீனை வாரக் கணக்கில் உப்பில் ஊற வைத்துத் துண்டு போட்டது, பச்சை வெங்காயத்தோடு. இது கிரேக்கர்களின் கைவேலை. தொபிக் இருந்தால் விடாதீர்கள். கொண்டைக்கடலையும் உருளையும் சேர்ந்த உருண்டைக்குள் மணிக்கணக்காக வதங்கிய வெங்காயம், எள் விழுது, திராட்சை, பட்டை. ஆர்மீனியர்கள் நோன்பு நாளில் செய்தது என்பதால் இறைச்சியும் இல்லை, முட்டையும் இல்லை. சைவர்களுக்கு இந்த மேசையில் குறையே இருக்காது.

இனி ரக்கி. திராட்சையிலிருந்து வடித்து, சோம்புக்கு நெருங்கிய உறவான அனிஸ் விதையோடு மறுபடி வடித்தது. வழக்கமாக 45 சதவீதம் சாராயம், அதாவது கடும் சரக்கு. ஒடுக்கமான நீளக் கிளாஸில் முதலில் ரக்கி, பிறகு தண்ணீர், கடைசியில்தான் ஐஸ். தண்ணீர் விழும் கணத்தைப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிந்திருந்தது அடியிலிருந்து புகைபோல எழுந்து முழுக்கப் பால் வெள்ளையாகிவிடும். அனிஸ் எண்ணெய் சாராயத்தில் கரையும், தண்ணீர் கூடினால் கரையாமல் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கும், அவ்வளவுதான் விஷயம். இதைச் சிங்கப் பால் என்கிறார்கள். "தெக்" என்றால் ஒற்றை, "துப்லே" என்றால் இரட்டை, தெக் கேளுங்கள். பக்கத்திலேயே தனியாகத் தண்ணீர்க் கிளாஸும் இருக்க வேண்டும், ரக்கி ஒரு மடக்கு என்றால் தண்ணீர் ஒரு மடக்கு. கிளாஸ்களை முட்டி "ஷெரெஃபே" என்பார்கள்.

ஒரே மூச்சில் குடிக்கக் கூடாது. ஒரு கிளாஸ் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். மெஸேயையும் முள்கரண்டி நுனியில் எடுத்து, பேசி, மறுபடி எடுத்து என்றுதான் சாப்பிடுகிறார்கள். இந்த மேசைப் பேச்சுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் "முஹப்பெத்", இந்திப் பாட்டுகளில் காதல் என்று நாம் கேட்ட மொஹப்பத்தேதான். இங்கே அதற்கு மனம் விட்டுப் பேசுதல் என்று அர்த்தம். குடிக்காதவர்கள் கூச்சமில்லாமல் உட்காரலாம். ஷல்காமோ சோடாவோ கேட்டால் அதே மரியாதையோடு வைப்பார்கள்.

குளிர்ந்தது பாதி தீர்ந்ததும் சூடானவை. ஆர்னாவுத் ஜியெரி, அல்பேனிய ஈரல் என்று பெயர், பொடியாக நறுக்கி மாவில் புரட்டிப் பொரித்து, வெங்காயத்தோடு. அல்லது பொரித்த கணவாய். அதற்குப் பிறகுதான் மீன், அதுவும் பசி இருந்தால் மட்டும். தயிரும் மீனும் சேர்ந்தால் ஆகாது என்று அங்கேயும் பெரியவர்கள் சொல்கிறார்கள், கேட்டபோது எங்கள் ஆச்சி ஞாபகம் வந்தது. ஆனால் அதே மேசையில் ஹய்தாரியும் மீனும் இருக்கத்தான் செய்கின்றன.

மீன் விஷயத்தில் என் கதையைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் ஒரு கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். அட்டையில் மீனுக்கு விலை இல்லை. "இன்று வந்தது, அருமையாக இருக்கும்" என்று ஒரு பெரிய மீனைக் காட்டினார்கள், தலையாட்டினோம். பில் வந்தபோது அந்த ஒரு மீன் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். நாலு பேர் பையிலிருந்ததையும் சேர்த்துத்தான் வெளியே வர முடிந்தது. அன்றிலிருந்து மீனை எடைபோட்டு, விலையை எழுதிக் காட்டச் சொல்லாமல் சமைக்க விடுவதில்லை. "நே கதார்?" என்றால் எவ்வளவு. கேட்காமல் மேசைக்கு வந்த தட்டையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. இஸ்திக்லாலில் தனியாக நடக்கும் ஆண்களிடம் நட்பாகப் பேசி, "ஒரு நல்ல இடம் தெரியும்" என்று கூட்டிப்போகிறவர்களோடு போகவே போகாதீர்கள். அங்கே வரும் பில் வேறு மாதிரி.

கிளாரினெட்டும் தர்புகா மத்தளமும் வைத்துக்கொண்டு பாட்டுக்காரர்கள் மேசை மேசையாக வருவார்கள். பிடித்தால் வாசிக்க விட்டுப் பணம் கொடுங்கள். வேண்டாம் என்றால் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தால் போதும், நகர்ந்துவிடுவார்கள். வெள்ளி, சனி என்றால் முன்பே மேசை சொல்லி வைக்க வேண்டும். கடைசியில் பழம், காபி, பிறகு "ஹெசாப் லுத்ஃபென்", பில் ப்ளீஸ்.

நள்ளிரவு: சூப்

மெய்ஹானேயிலிருந்து நேராக ரூமுக்குப் போகிறவர்கள் குறைவு. இஷ்கெம்பே கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும், மாட்டின் அல்லது ஆட்டின் இரைப்பையை, நம் போட்டி மாதிரி, வெள்ளையாகக் காய்ச்சிய சூப். மேசையில் ஒரு கிண்ணத்தில் பூண்டு தட்டிப் போட்ட வினிகர், இன்னொன்றில் மிளகாய்த்தூள். முதலில் ஒரு கரண்டி வெறுமனே குடித்துப் பாருங்கள், பிறகு வினிகரை இரண்டு கரண்டி விடுங்கள், பிறகு மிளகாய். ஒவ்வொன்றுக்கும் ருசி வேறு வேறாக ஏறும். இரைப்பை வேண்டாதவர்களுக்கு அதே கடையில் மெர்ஜிமெக், பருப்பு சூப் கிடைக்கும், எலுமிச்சை பிழிந்துகொள்ளலாம். சைவர்கள் அதில் எலும்புச் சாறு சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

நான் போகும் கடையில் அண்டாவுக்குப் பின்னால் நிற்பவருக்கு அறுபது வயதிருக்கும். ராத்திரி முழுக்க ஒரே இடத்தில் நின்று ஊற்றிக்கொண்டே இருப்பார். கிளம்பும்போது "எலினிஸே சாலிக், உஸ்தா" என்றேன். அகப்பையை அண்டாவின் விளிம்பில் சாய்த்து வைத்தார், ஈரக் கையை ஏப்ரனில் துடைத்து நெஞ்சில் வைத்தார், "அஃபியெத் ஒல்சுன்", சாப்பிட்டது உடம்புக்கு நல்லதாகட்டும், என்றார். பிறகு எனக்குப் பின்னால் நின்றவருக்குக் கிண்ணத்தை எடுத்தார்.